சம்பந்தி எடுத்துப்போன வாள்

என் அப்பா குதிரைப்படையில் ரிசல்தாராக இருந்தவர். வெள்ளைக்காரர்களுக்குக் கீழே நம் ஆட்களுக்குக் கிடைத்த பெரிய பதவிகளில் அது ஒன்று. பெரிய சண்டை முடிந்து ஓய்வு கொடுத்ததும், அம்மாவின் உறவினர்கள் இருந்த ரங்கூனில் குடியேறினோம். குதிரை சர்க்காரோடு போய்விட்டது. வாள் மட்டும் எங்களோடு கப்பலேறி வந்தது. அப்பாவின் பிரியத்தில் பாதி அந்த வாளுக்கு. மீதியை அம்மாவும் அக்காவும் நானும் பங்கிட்டுக்கொண்டோம்.

படையில் ஒரு முறை உண்டு. பெரிய வெள்ளைக்கார அதிகாரி வந்தால் நம் அதிகாரிகள் விறைப்பாக நின்று வாளின் பிடியை அவர் பக்கம் நீட்டுவார்கள். என் வாள் உங்களுடையது என்று அதற்கு அர்த்தம். அவர் இரண்டு விரலால் பிடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய மரியாதை உலகத்தில் கிடையாது என்பது அப்பாவின் எண்ணம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதையே செய்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு லான்மடாவில் கருவாட்டுக் கடை. அவர் செருப்பைக் கழற்றி நிமிர்ந்ததும், அப்பா பூட்ஸ் குதிகால்களை 'டக்'கென்று சேர்த்து வாளை நீட்டினார். கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். தன் பக்கம் இருப்பது பிடி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து உருவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எதுக்கு சம்பந்தி இம்புட்டுப் பெரிசா? ஒரு வேட்டி துண்டு போதாதா?"

அவர் இன்னும் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

அப்பாவின் கையில் வெறும் உறை இருந்தது. உருவிய வாளோடு கடைக்காரர் டிராமில் வீடு திரும்பினார் என்றும், உட்கார நல்ல இடம் கிடைத்தது என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த வாரமே அப்பாவுக்குக் கவர்னர் தர்பாருக்கு அழைப்பு வந்தது. உடுப்பும் வாளுமாகப் போக வேண்டும்.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க," என்றாள் அம்மா.

"குடுத்தது வாளுடி. திருப்பிக் கேக்க அது என்ன, இரவல் அண்டாவா?"

"அங்க அதை வச்சுச் சாக்குக் கட்டு அறுக்கிறாங்களாம்."

அப்பா அன்று சாப்பிடவில்லை.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு வாள் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம் என்று சொல்லியனுப்பினாள். அப்பாவுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் அரிவாள்மணையைத் தவிர வேறு ஆயுதம் இருந்ததில்லை. ஆனால் இன்னொரு வாளுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

நிச்சயத்தன்று பட்டுத்துணி சுற்றி, லேசான கருவாட்டு வாசனையோடு வாள் வந்தது. தனக்குச் செய்த மரியாதையைத் திருப்பிச் செய்ய நினைத்தார் சம்பந்தி. வெறுங்காலின் குதிகால்களைச் சேர்த்து, அப்பாவைப் போலவே விறைப்பாக நின்று, பிடியை அப்பா பக்கம் நீட்டினார்.

அப்பா எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மெதுவாக இரண்டு விரலால் பிடியைத் தொட்டார். தலையை அசைத்தார். கையை எடுத்துக்கொண்டார்.

சம்பந்தி நீட்டியபடியே நின்றார்.

"வாங்குங்க! கையில வாங்குங்க!" கதவுக்குப் பின்னால் என் தோளைப் பிடித்திருந்த அம்மா பல்லைக் கடித்தாள். அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவரை அத்தனை உயரமாக நான் பார்த்ததே இல்லை. கை சோர்ந்த சம்பந்தி, இதுவும் எங்கள் வழக்கம்போலும் என்று வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பந்தி முடிந்ததும் அவரோடு அதுவும் வண்டியேறிப் போனது.

தர்பார் அன்று காலை அப்பா கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பக்கூட லான்மடாவுக்கு ஆளனுப்பினா வந்துடும்," என்றாள் அம்மா.

"வேணாம். தர்பாருக்குப் போனா மறுபடி நான்தான் நீட்டணும்."

அம்மா உள்ளே போய்விட்டாள். நீட்டுவதில் அப்படி என்ன கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். கனமான வாள், கை வலிக்கும் போலிருக்கிறது. தைலப் புட்டியை எடுத்து வந்து அவர் தோளில் தேய்த்துவிட்டேன். வலி இல்லை என்று அவரும் சொல்லவில்லை.