கீரிமலையில் விடுபட்டவன்

பிப்ரவரி, வெள்ளி முற்பகல். யாழ்ப்பாணத்தின் கீரிமலையில், போரில் இடிந்து மீண்டெழும் கோயிலைப் பார்த்தபின், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்த எங்கள் பண்பாட்டுச் சுற்றுலாக் குழுவின் பேருந்து புறப்பட்டது. நான் அதில் இல்லை.

கிளம்புமுன் அவரவர் ஜோடியைப் பார்த்து, "அடா, இருக்காங்க!" என்று மலாயிலும் தமிழிலுமாகக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். இருவருக்குமாகப் பதிவுசெய்த என் மனைவி கமலம் சென்ற ஆண்டு காலமானாள். அவள் இருக்கையில் அவள் கைப்பை வருகிறது. அது குரல் கொடுக்காது.

கோயிலடியில் எனக்குத் தேநீர் தந்த கடைக்கார அம்மா சிரிக்கிறார். "பயப்பிடாதேங்கோ ஐயா. எங்கட ஊருக்கு ஆக்கள் திரும்பி வரத்தான் கனகாலம் எடுத்தது. பஸ் கெதியா வரும்."

"நான் பயப்படவில்லை, அம்மா."

"அப்ப ஏன் கிளாஸோட றோட்டில போய் நிக்கிறியள்?"

தேநீர் முடியுமுன் பேருந்து திரும்பி வருகிறது. ஜொகூரின் கூலாய் ஊர்க்காரரான எங்கள் வழிகாட்டி சிவா குதித்து இறங்குகிறார். "அலமாக்! மன்னிச்சிருங்க சார். இனிமே நான்தான் உங்க ஜோடி லா."

கடைக்கார அம்மா சிவாவை ஏற இறங்கப் பார்க்கிறார். "பொம்பிளைக்கு மீசை கொஞ்சம் கூடிப்போச்சு, ஐயா."

பல மாதங்களுக்குப் பின் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

செய்யாமல் விட்டவை:
கோயிலின் வடக்கு வாயிலைப் பார்ப்பது.
அந்த அம்மாவின் பெயரைக் கேட்பது.
சிவா உட்கார, கமலத்தின் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது.