செத்த வீட்டுச் சாப்பாடும் பதின்மூன்று மாநிலங்களும்

எங்கள் ஊர்ச்சனம் லண்டனில் மூன்று இடங்களில் அடைந்து கிடக்கிறது. நாங்கள் குட்மேய்ஸில். என் அக்கா குடும்பம் சட்டனில். கொஞ்சம் வசதியானவர்கள் ரெய்னர்ஸ் லேனில். 2009ஆம் ஆண்டு வரைக்கும் மூன்று இடத்துக்கும் மூன்று ஊர்ச்சங்கம் இருந்தது. நன்மை தீமைக்கு ஒருவரை ஒருவர் பார்ப்போம். மற்றபடி ஒன்றின் காரியத்தில் மற்றது தலைபோடுவதில்லை.

அந்த வருடம் ஊரில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான். நாடாளுமன்றத்துக்கு முன்னால் நானும் குளிரில் நின்றேன். நின்றுவிட்டு வந்த சனத்துக்கு ஒரே எண்ணம், இனியாவது நாங்கள் ஒன்றாக வேண்டும். மூன்று சங்கத்தையும் சேர்த்து, மேலே ஒரு மத்திய குழு வைப்பதென்று முடிவானது. அதற்கு யாப்பு, அதாவது சங்கத்தின் சட்டதிட்டம், எழுதும் வேலை என் மூத்த மருமகனிடம் வந்தது.

மருமகன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவர். அமெரிக்கா உண்டான கதையென்றால் தேத்தண்ணி ஆறினாலும் தெரியாது. என் குசினி மேசையில் இருந்துதான் யாப்பை எழுதினார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சொன்னால் விளங்காத ஆள் இல்லை. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

முதலில் பதின்மூன்று மாநிலங்களாம். ராசாவைக் கலைத்துவிட்ட கையோடு, இனி ஒருவரும் தங்கள் தலையில் ஏறக்கூடாதென்று மத்திய அரசை வெறும் பொம்மையாக வைத்தார்களாம். வரி அறவிடக்கூட அதற்கு அதிகாரம் இல்லை. ஒரு காரியமும் ஓடவில்லை. பிறகு பெரியவர்கள் ஒரு மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, கோடை முழுக்கச் சண்டைபிடித்து, புதுச் சட்டம் எழுதினார்கள். மத்தி என்னென்ன செய்யலாமென்று ஒவ்வொன்றாக அதில் போட்டார்கள்.

"எழுதாமல் விட்டதெல்லாம் ஆருக்கு?" என்று கேட்டேன்.

"மாநிலத்துக்கும் சனத்துக்கும், மாமி."

"அதை எழுதினவையோ?"

மருமகன் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுதான் அங்கையும் சண்டை. எழுதத் தேவையில்லை எண்டு ஒரு பகுதி. எழுதாட்டி நம்பமாட்டம் எண்டு மற்றப் பகுதி. பிறகுதான் பத்துத் திருத்தம் சேர்த்தவை. பத்தாவது இதைத்தான் சொல்லுது."

"அப்ப எங்கடை யாப்பிலை செத்த வீட்டுச் சாப்பாட்டை எழுதுங்கோ தம்பி. அது அந்தந்த இடத்துப் பெண்டுகளின்ரை பாடு எண்டு."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உடல் போகும்வரை அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொண்டுவரும். ஊரில் அநேகமாக மறுநாளே எரித்துவிடுவார்கள். இங்கே எரிக்கிற இடத்தில் முறை கிடைக்க ஒரு கிழமை போகும், சிலநேரம் அதற்கும் மேலே. அத்தனை நாளும் அந்த வீட்டுக்கும் அங்கே வந்து போகிறவர்களுக்கும் சாப்பாடு போகவேண்டும். காலமை இடியப்பம் யார், மத்தியானம் சோறு யார் என்று ஒரு குழுவும் கூடிப் பேசியதில்லை. போனில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். என் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போகாத செத்த வீடு குட்மேய்ஸில் இல்லை.

மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமி, மத்திய குழுவுக்கு நாங்கள் குடுக்கிறது விளையாட்டுப்போட்டி, பொங்கல், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உதவி, இவ்வளவும்தான். சாப்பாடு அதிலை இல்லை. இல்லாட்டி அது உங்கடைதான். ஒண்டை மட்டும் எழுதினால், எழுதாத மற்றதெல்லாம் மத்திக்கோ எண்டு ஒருத்தர் கேப்பார். அங்கையும் பெரிய மூளைசாலியள் இப்பிடித்தான் வாதாடினவை."

படித்த பிள்ளை சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

யாப்பை ஏற்கும் கூட்டம் ரெய்னர்ஸ் லேனில் நடந்தது. தலைவராக வந்தவர் அங்கே கடை வைத்திருக்கும் ஒருவர். நல்ல மனிதர், அதை மறைக்கமாட்டேன். எல்லாம் வாசித்து முடிந்தபிறகு, கடைசியில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றார். இந்த வேலைகளுக்குத் தேவையான வேறு எதையும் மத்திய குழு செய்யலாம் என்று.

மருமகன் எழும்பினார். "அண்ணை, அமெரிக்காவிலையும் இப்பிடி ஒரு வரி இருக்கு. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் மத்தி வங்கி திறந்தது. வங்கி எண்டு சட்டத்திலை ஒரு இடத்திலையும் இல்லை. ஏலாது எண்டு ஒரு பகுதி நிண்டது, ஏலும் எண்ட பகுதிதான் வெண்டது."

"தம்பி, நாங்கள் என்ன வங்கியே திறக்கப்போறம்? எங்களிட்டைக் கிடக்கிறது கிடாரமும் அகப்பையும்!"

மண்டபம் சிரித்தது. அக்காவின் புருசன், என் அத்தான், பின்வரிசையில் இருந்து குரல் கொடுத்தார். "ஆயுசு முழுக்கச் சமஷ்டி, மாகாணத்துக்கு அதிகாரம் எண்டு கத்தின வாயள். சட்டனுக்குத் தரச் சொன்னால் மட்டும் நோகுதோ?"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அத்தானும் சிரித்தார். சிரித்த சிரிப்போடு எல்லாரும் கையை உயர்த்தினோம். அத்தானின் கையும் உயர்ந்ததைக் கண்டேன்.

இலை உதிரத் தொடங்க, மத்திய குழுவில் ஒரு பேச்சு வந்தது. சொந்தக்காரர் கூடின செத்த வீட்டுக்கு வகைவகையாகச் சாப்பாடு போகிறது, தனி ஆட்களுக்குப் போகிறதில்லை, இனி எல்லாருக்கும் ஒரே சமையல், ரெய்னர்ஸ் லேனில் சமைத்து வான் வண்டியில் அனுப்புவோம். அந்தக் கடைசி வரியைக் காட்டித்தான் முடிவெடுத்தார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வந்த முதல் சாவு அத்தானுடையது.

குட்மேய்ஸிலிருந்து சட்டனுக்கு ரெயில் மாறி மாறிப் போகவேண்டும். சாப்பாட்டுக்கு வான் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். என் வாழ்நாளில் ஒரு செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு நான் போனது அதுதான். போய்ப் பார்த்தால் வான் வரவில்லை. மத்திய குழுச் செயலாளர் ஷிப்டில் நின்றாராம், மற்றவர்களோடு பேசாமல் சமையலுக்குச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லையாம். சட்டன் பெண்டுகள் வான் வரும், தாங்கள் குறுக்கே விழுந்தால் பிழை என்று இருந்துவிட்டார்கள். பசி தாங்காமல் பேரப்பிள்ளைகள் பீட்சா எடுப்பித்திருந்தார்கள். மேசையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. ஒரு மூலையில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கொடுத்த முட்டை சான்ட்விச், ஈரத் துணியால் மூடியபடி.

அக்கா அழவில்லை. அந்தத் தட்டைக் காட்டினாள். "பார், அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அக்கா, வான் வருதாம்..."

"ஆற்றை வான்? நான் எத்தினை செத்த வீட்டுக்குச் சோறு சுமந்தனான் எண்டு உனக்குத் தெரியும். என்ரை வாசலுக்கு ஒருத்தி வரேல்லை. எனக்குப் பசியில்லையடி. ஆனா ஒருத்தி வரேல்லை."

அடுத்த நாள் வான் வந்தது. சோறு விறைத்துப்போய் வந்தது. அக்கா தொடவில்லை.

அந்த மாதத்துக்குள்ளேயே விசேட கூட்டம் வைத்தோம். மருமகனே திருத்தம் எழுதிக்கொண்டு வந்தார். செத்த வீட்டுச் சாப்பாடு அந்தந்த இடத்துச் சனத்தின் உரிமை, மத்திய குழு அதில் கை வைக்காது. தலைவர்தான் முதலில் கை உயர்த்தினார். ஒருவரும் மறுக்கவில்லை. சட்டன்காரருக்குப் போட்ட கதிரைகள் மட்டும் வெறுமையாக இருந்தன. அவர்கள் பழையபடி தனிச்சங்கமாகப் போய்விட்டார்கள்.

காரில் வரும்போது மருமகன் சொன்னார். "அங்கையும் ரெண்டு மாநிலம் முரண்டு பிடிச்சுக்கொண்டு வெளியிலை நிண்டது மாமி. திருத்தம் வருகுது எண்டு கண்டாப் பிறகு அதுகளும் வந்து சேந்தது. எங்கடை பிந்திப்போச்சு. அண்டைக்கு நீங்கள் சொல்லேக்கையே எழுதியிருக்கவேணும்."

நான் சொன்னது சரிதான். சரியென்று ஆனதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

அத்தானின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு விடியவே எழும்பி, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, சட்டியைத் துவாயால் சுற்றிக் கட்டிக்கொண்டு சட்டனுக்குப் போனேன். கூடப்பிறந்தவள், நேரே குசினிக்குத்தான் நடந்தேன். உள்ளே சட்டன் பெண்டுகள் நிறைந்திருந்தார்கள். பெரிய கிடாரம் கொதித்தது. அக்கா குசினி வாசலிலேயே சட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ முன் அறையிலை போய் இரு. வந்த ஆக்கள் எல்லாம் அங்கைதான் இருக்கினம்."

முன் அறையில் தலைவர் இருந்தார். தள்ளி இடம் தந்து, "இருங்கோ அக்கா" என்றார். இருவரும் விருந்தாளிகளைப்போல் சோபாவில் இருந்தோம். குசினியில் அகப்பைச் சத்தமும் பெண்டுகளின் கதையும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் வைத்த இலையில் ஏழெட்டுக் கறி விழுந்தது. என்னுடையது இல்லை.

போகும்போது அக்கா சட்டியைக் கொண்டுவந்து கையில் தந்தாள். துவாய் நான் கட்டின முடிச்சோடு இருந்தது. பாரமும் குறையவில்லை. ரெயிலில் குட்மேய்ஸ் வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.