அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம்

மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, கற்பிட்டியிலிருந்து கொழும்பிலுள்ள ஒரு நூதனசாலைக்கு அவளைக் கூட்டிப்போனேன். கையில் கொப்பியைக் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிகளில் எழுதியிருந்ததையெல்லாம் பார்த்தெழுத வைத்தேன்.

ஒரு மூலையில், அந்தக் காலத்தில் முத்துக் குளிப்பவர்கள் ஆழத்துக்கு இறங்கப் பாவித்த கல் இருந்தது. மகள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய வாப்பா சங்கு குளிக்கிறவர்.

"உம்மா, வாப்பாவும் இப்படிக் கல்லோடயா எறங்குவாரு?"

"கடல் கதைய வீட்டுல கதைக்கலாம். அடுத்த அறையில இருக்கிற ராசாட சிம்மாசனம்தான் பரீட்சைக்கு வரும், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய வாப்பா, "என்னெல்லாம் பார்த்தீங்க மகள்?" என்று ஆசையாய்க் கேட்டார். அவள் கொப்பியை நீட்டினாள். ஆறு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். அதில் அந்தக் கல் இல்லை.

அதற்குப் பிறகு நான் எங்கேயும் கொப்பி கொண்டுபோவதில்லை. பிள்ளை நிற்கிற இடத்தில் நானும் நிற்கிறேன். ஆனால் அவள் இப்போது எங்கேயும் நிற்பதில்லை. போன விடுமுறையில் நேரே அந்தக் கல்லிடமே கூட்டிப்போய், "இத எப்படிப் பிடிச்சிக்கிட்டு எறங்கியிருப்பாங்க மகள்?" என்று நானே கேட்டுப் பார்த்தேன்.

"இது பரீட்சைக்கு வராதே, உம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.