கயத்தாறு சாலையில் கிளாம் மெட்டல்

கல்லூரி விடுதியில் கேசட் தேயும்வரை கேட்ட எண்பதுகளின் கிளாம் மெட்டல் ராக் இசை ஆல்பத்தை, பல வருடங்களுக்குப் பிறகு இன்று கோவில்பட்டி தாண்டியதும் காரில் போட்டேன். இப்போது பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம்.

அந்தக் குரல் பிசிறில்லாமல் உச்சிக்கு ஏறிய இடத்தில் இன்றும் உடம்பு சிலிர்த்தது.

ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குச் சத்தமே ஆகாது. "அணைக்கட்டுமா?" என்றேன்.

"இரு, அந்த கிட்டார் முடியட்டும்." அவரே சத்தத்தைக் கூட்டினார்.

கயத்தாறு டீக்கடையில் நிறுத்தியதும் என் போனில் ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் பார்த்தார்: உதட்டுச் சாயமும் தோளுக்குக் கீழே புசுபுசுவென்று விரித்த முடியுமாக நாலு பேர்.

"இதுல எந்தப் பொம்பளை பாடுதா?"

"நாலு பேரும் ஆம்பளைய."

தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "இவிய என்ன எண்ணெய் தேய்க்காவன்னு கேட்டுச் சொல்லு."

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனிதர் நிஜமாகவே கேட்கிறார்.