பத்துமணியின் தப்பு

எல்லை அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவள் நான். அங்கே பதினெட்டு வருஷம் தொலைபேசி முன் உட்கார்ந்திருந்தவரைப் பத்துமணி என்றுதான் கூப்பிடுவோம். காலை பத்துக்கு எதிர்நாட்டு அலுவலகத்தை அழைத்து, "இங்கே எல்லாம் வழக்கம்போல" என்பார். அந்தப் பக்கத்து ஆளும் அதையே திருப்பிச் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். நாசமாய்ப் போன சட்டம்! பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன். தினமும் தவறாமல் அவரிடம் பேசியது அந்த ஒரு குரல்தான்.

"என்ன அண்ணே, உங்க எதிராளி சௌக்கியமா?" என்று சீண்டுவேன்.

"தொண்டை கட்டியிருக்கும்மா. வெந்நீர் குடிக்க மாட்டான் போல" என்பார், கூடப் பிறந்தவனைச் சொல்வது மாதிரி.

நம் பக்கம் வெடிச் சத்தம் எழும் என்றால் மட்டும் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அன்று சாலைக்காகப் பாறை உடைக்கப்போகும் தகவல் சீட்டு காலையிலேயே வந்தது. இந்த மனுஷன் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார், அடியோடு மறந்தார். பதினோரு மணிக்கு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. எதிர்மலைப் பீரங்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

"நமக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லுய்யா!" என்று அதிகாரி கத்தினார். எதிரியிடம் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, அதுவும் சட்டம். பத்துமணி அழைத்தார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"ஐயா, அது பாறைக்கு வச்ச வெடி. சீட்டு வந்துச்சு, நான்தான் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்மேலதான். இன்னும் ரெண்டு வெடி இருக்கு, பயப்படாதீங்க."

அந்தப் பக்கத்து ஆளின் குரல் வந்தது.

"பதினெட்டு வருஷமா கேக்கற குரல். நம்பறேன். மேல சொல்லிடறேன்."

இரண்டு வெடியும் வெடித்தன. ஒரு குண்டும் வரவில்லை. மதியத்துக்குள் பீரங்கிகள் பழையபடி திரும்பிக்கொண்டன. சாயங்காலம் பத்துமணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். நல்லதுக்குக் காலமில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அவருடைய ஒற்றை அறைக்கு ஓடினேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம்.

"அண்ணே, உங்க ஆள் இன்னிக்கு சட்டத்தை மீறிட்டார்! 'பழையவர் எங்கே?'ன்னு கேட்டார்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "புது ஆள் என்ன சொன்னான்?"

"வாயைத் திறக்கல. போனை வச்சுட்டான்."

பத்துமணி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஐயையோ, என்னைச் சுட்டுட்டாங்கன்னு நினைச்சிருப்பானேம்மா. நான் உசுரோட இருக்கேன்னு அவன்கிட்ட யாரு சொல்லுவா?"