உருண்ட போல்ட்

எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று புதுக் கட்டிலுக்கு வந்த போல்ட் ஒன்று தரையில் நேராகப் போகாமல் வளைந்து உருண்டது. எடுத்து மறுபடியும் உருட்டிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றும் வேன் ஓட்டினார். ஒருநாள் வீட்டு முற்றத்தில், வேனின் அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டையில் இறுகிக் கிடந்த போல்ட்டை அவரும் மெக்கானிக்கும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழற்றினார்கள். "இந்த அளவு எங்கயும் கிடைக்காது அண்ணாச்சி, பழசையே மாட்டுவோம்" என்றார் மெக்கானிக். கீழே போட்டதும் அது வளைந்து உருண்டது. போல்ட் கோணியிருப்பதால்தான் அப்படி என்று நினைத்தேன். ஆற்றுப் பாலத்தில் போகும்போது முறிந்தால்? ஆண்கள் முன்னால் பேச வாய் வரவில்லை. எடுத்து அரிசிப்பானைக்குள் ஒளித்துவிட்டேன்.

"ஏட்டி, போல்ட்ட எலியா தூக்கிட்டுப் போச்சு?" என்றார் அவர். தேடிச் சலித்து, ஒல்லியான வேறொன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒளித்ததற்குத் திட்டுவாரே என்று அப்போதும் எடுத்துக் கொடுக்கப் பயம். அவர் திரும்பும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை சொல்லவும் இல்லை.

புது போல்ட்டும் வளைந்துதானே உருண்டது? தலையுள்ள போல்ட் எல்லாம் அப்படித்தானா? அப்படியென்றால் அன்று நான் ஒளித்தது நல்ல போல்ட்தானோ? விவரம் தெரிந்தவர்கள் உருட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.