கைப்பிடி இல்லாத மாப்பிள்ளை கார்

கார் டிங்கரிங் தொழிலில் நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்திவிடலாம். 'இதெல்லாம் ஒரு வேலையா, நானே பண்ணிக்கிறேன்' என்று கிளம்புகிற ஆசாமியை நிமிர்த்த எந்தச் சுத்தியலும் கிடையாது. ஏதோ ஒரு கைத்தொழில் செய்து வாடிக்கையாளரிடம் மாட்டி விழிக்கிற நீங்கள் எல்லோரும் என் கட்சிதான். எண்பதுகளில் உத்திரமேரூரில் பட்டறை வைத்திருந்தபோது எனக்கு வாய்த்தவர் காவாந்தண்டலம் சபாபதி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கென்று பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, தானே புதுசாக்கிக் காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கதவுக்குப் பூச்சு வேலை

நெளிசலை உள்ளிருந்து தட்டி எடுத்து, மேலே மெல்லிசாகப் பட்டி மாவு தடவ வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! பம்ப்செட் கொட்டகை கட்டி மீந்த சிமெண்டைக் குழைத்துக் கதவெல்லாம் பூசி, கொத்தனார் மாதிரி கட்டையால் தேய்த்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டார். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏறி இறங்கியதும் பாதிப் பூச்சு தரையில். அடியில் தகடெல்லாம் துரு. எனக்கு வயிறு எரிந்தது. அவர் கேட்டார்:

"இன்னா மேஸ்திரி, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்திக்கினுதான இருந்தேன், அப்பறம் ஏன் உதிருது?"

உள் அலங்காரம்

அதை நான் சுரண்டிச் சரிசெய்து கொடுத்தேன். சும்மா இருப்பாரா? அடுத்து உள்ளே கை வைத்தார். எல்லாம் வழவழவென்று இருக்க வேண்டுமாம். கண்ணாடி இறக்கும் பிடியைக்கூட விடாமல் மேலே ரெக்சின் ஒட்டிவிட்டார். ஒட்டியது மைதாப் பசையால். நன்றாகப் பிடிக்கட்டும் என்று அதில் வெல்லம் வேறு! சாரை சாரையாக ஏறிய எறும்பைக் காட்டினேன்.

"எறும்பு வந்தா நல்லது மேஸ்திரி. சொத்து சேரும்."

வழவழ கதவு

கடைசியாக, துருத்திக்கொண்டிருப்பது அசிங்கம் என்று வெளிக் கைப்பிடிகளைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டார். திறக்க உள்ளே ஒரு கயிறு. பெண்ணின் தம்பி வெளியே நின்று கதவைத் திறந்து மாலை போட்டால்தான் மாப்பிள்ளை இறங்குவார் என்கிற வழக்கம் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

பந்தல் வாசலில் தம்பி கதவைத் தடவு தடவென்று தடவினான். கண்ணாடியை இறக்கலாமென்றால் அந்தப் பிடி ரெக்சினுக்கு அடியில். கூட நடந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, "எம்புள்ள தானா எறங்கமாட்டான். மச்சான் தொறக்கலன்னா வண்டிய திருப்பு!" என்று கத்தினார். சபாபதியின் முகத்தில் ஈயாடவில்லை.

திடீரென்று மாப்பிள்ளை துள்ளினார். வேட்டியை உதறினார். கயிற்றை இழுத்துக் குதித்து, சொறிந்துகொண்டே பந்தலுக்குள் ஓடினார். உள்ளே போய்விட்டவரைத் திரும்ப ஏற்ற முடியுமா? ஆரத்தியை உள்ளேயே எடுத்தார்கள், கல்யாணம் நடந்தது. சபாபதி என் தோளைத் தட்டினார்:

"நான்தான் அப்பவே சொன்னனே மேஸ்திரி, எறும்பு வந்தா நல்லதுன்னு!"

அன்றிலிருந்து யாராவது 'நானே பண்ணிக்கிறேன்' என்றால் நான் வாயே திறப்பதில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் கடப்பாறையோடு போகிறேன்.